நின்னுட்டாங்க

ஜூன் 9, திங்கள்

புத்தாண்டுக்கு நான் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'நாங்கள் ஒரு குடும்பம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். இத்தனை நாள் அலமாரி மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. யாரையாவது திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்ததால் இன்று எடுத்தேன். வீட்டுக்காரரிடம் திட்டினால் "வேலைன்னா அப்படித்தான் வாணி" என்பார். டைரி வாயைத் திறக்காது.

இன்றைய திட்டு முள்ளங்கிச் சாம்பாருக்கு. கடை மாடியில் ஸ்டாஃப் சாப்பாட்டு அறையில் மூடியைத் திறந்தார்கள், எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. பட்டு கவுண்டருக்குத் திரும்பினால் அங்கே மணக்க மணக்க அடித்து வைத்த சந்தன ஸ்ப்ரே. புதுப் புடவையின் கஞ்சி வாடை. போதாக்குறைக்கு ஃப்ளோர் மேனேஜர் தண்டபாணியின் தலையிலிருந்து வடியும் நெல்லிக்காய் எண்ணெய். ஈரோட்டில் இருக்கிற நாற்றமெல்லாம் இன்று என் மூக்கைத் தேடி வந்தது. பித்தமாக இருக்கும்.

கால் இரண்டும் கனக்கின்றன. கடைத் தொழிலாளர்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டார்கள். அதன் மேல் இப்போது புடவை கட்டிய பொம்மை நிற்கிறது. பொம்மையும் நிற்கத்தான் வேண்டும் இந்தக் கடையில்.

ஜூன் 12

சிவப்பு டோக்கன் வாங்கினேன்.

எழுதவே கூசுகிறது. எங்களுக்கு ஒரு ஷிப்டுக்கு இரண்டு முறைதான் பாத்ரூம். மாதவிலக்கு நாட்களில் மட்டும் கூடுதலாகப் போகலாம். அதற்குத் தண்டபாணியிடம் போய் நிற்க வேண்டும். அவர் டிராயரைத் திறந்து, பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு, ஒரு சிவப்பு டோக்கனை எடுத்துக் கொடுப்பார். நாங்கள் "நன்றிங்ணா" என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தப் பீடையின் மண்டையில் உதித்த யோசனையோ.

இன்று எனக்கு அது தேவைப்படவில்லை. இருந்தாலும் வாங்கினேன். பெயர் பதிவாகி இருப்பது நல்லது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

தேவகிக்குக் கடையில் வளைகாப்பு. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். ஊரில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ செய்வார்கள். எங்கள் கடையில் மட்டும் வயிறு வெளியே தெரியும் முன்பே செய்துவிடுவார்கள், அவ்வளவு அவசரப் பாசம்.

பட்டு செக்ஷன் நடுவில் சிவப்பு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். விற்கிற பெண் ஒருத்தி கடைக்குள் உட்கார்ந்து நான் பார்ப்பது இந்த மாதிரி நாளில் மட்டும்தான். முதலாளியின் மனைவியை நாங்கள் 'பெரியம்மா' என்று கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. பெரியம்மா சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கேமராவைப் பார்த்து "எங்க ஊட்டுப் பொண்ணுங்க இவ" என்றார். கடையின் பேஸ்புக் பக்கத்தில் நேரலை. புடவை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு. தேவகி அழுதாள், அதையும் கிட்டத்தில் போய்ப் படம் பிடித்தார்கள்.

வளையல் தட்டை எடுத்துக் கொடுக்க ஜரீனா அக்கா முன்னால் வந்தார். கடையில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், அவருக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மா சிரிப்புக் குறையாமல் "நீ அங்கயே நில்லு ஜரீனா" என்றார். அக்கா தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

கடைசியில் பெரியம்மா தேவகியின் கன்னத்தைத் தொட்டு "போயிட்டு வா கண்ணு" என்றார். மைசூர்பாகை நான் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஜூன் 24

தேவகியின் இடத்தில் ஒரு புதுப் பெண் நிற்கிறாள். தண்டபாணியிடம் கேட்டேன்.

"தேவகி எப்பங்ணா திரும்பி வருவா?"

"அவ நின்னுட்டாம்மா."

"நிக்கலீங்களே. பிரசவத்துக்குத்தானுங்களே போயிருக்கா?"

"நின்னுட்டான்னா நின்னுட்டா. போயி மடிப்பப் பாரு."

சாப்பாட்டு அறையில் ஜரீனா அக்கா சொன்னார். "வளைகாப்புன்னா டிஸ்மிஸ்தான் வாணி. வளையல் போட்டு அனுப்பறது, அவ்ளோதான். கொழந்தயத் தூக்கிட்டு வந்து கேட்டவங்களும் இருக்காங்க. புதுசா சேந்துக்க, பயிற்சிச் சம்பளம் வாங்கிக்கன்னாங்க. அப்பறம் யாரு வருவா?"

காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் நிற்க வைக்கிறார்கள். ஒரே ஒரு நாள் உட்கார வைக்கிறார்கள். மறுநாள் 'நின்றுவிட்டார்' என்று எழுதிவிடுகிறார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்கூட இவ்வளவு அருவருப்பாக இருக்காது.

ஜூலை 4

பித்தம் இல்லையாம். டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் என் பையைத் தானே சுமந்துகொண்டு வந்தார். வீட்டுக்குள் வந்ததும் "போன தடவ மாதிரி கடையில புடவ பண்டலத் தூக்கிராத வாணி" என்றார்.

போன தடவை காய்ச்சல். நாலு நாள் காய்ச்சல் என்றுதான் கடையில் சொன்னது, காய்ச்சல்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அவருக்குத் தறி ஷெட்டில் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. மார்கழி வரைக்குமாவது கடையில் யாருக்கும் தெரியாமல் ஓட்ட வேண்டும். அதற்கப்புறம் லீவு கேட்க வேண்டும். குழந்தையும் வேண்டும், வேலையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்பவளைப் பேராசைக்காரி என்பார்கள் என்று தெரியும்.

ஜூலை 5

இந்த மாதச் சிவப்பு டோக்கனும் வாங்கியாயிற்று. நன்றியும் சொன்னேன். சீ.

ஜூலை 27, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி. ஒரு புடவைக்கு ஆறு பேர் கை நீட்டுகிறார்கள். மைக்கில் பெரியம்மா, "எல்லாரும் சிரிச்ச மொகமா இருக்கோணும் கண்ணுகளா" என்கிறார். குடோனிலிருந்து பண்டல் வந்துகொண்டே இருக்கிறது. நான் ஒன்றைப் பிடிப்பதற்குள் ஜரீனா அக்கா குறுக்கே வந்து அதைத் தூக்கிக்கொண்டார். அடுத்ததையும் தூக்கினார்.

"எத்தன மாசம்?"

"பித்தமுங்க்கா."

"அதான், பித்தத்துக்கு எத்தன மாசம்?"

சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் இந்தக் கடையில் நிஜமாகச் சிரித்தது அப்போதுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை, பாதம் அப்படி வீங்கியிருந்தது.

ஆகஸ்ட் 22

கூட்ட நெருக்கடியில் டோக்கன் வாங்கவே மறந்துபோனேன். இன்று ஞாபகம் வந்து போய்க் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

தண்டபாணி விரலில் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினார்.

"ஏம்மா, ஜூன்ல பன்னெண்டு, ஜூலைல அஞ்சு, இந்த மாசம் இருவத்திரெண்டா? கணக்கு ஒதைக்குதே."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தார்.

"நல்ல சேதிதானே, இத மறைக்கலாமா? பெரியம்மாகிட்ட நானே சொல்லிப்போடறேன்."

எந்த உறவும் இல்லாத ஒரு ஆம்பளை என் உடம்பின் தேதிகளை எச்சில் தொட்டுப் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்படியும் அழுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 30

பவானியிலிருந்து அம்மா வந்துவிட்டாள். பெரியம்மாவே போன் போட்டுப் பேசினாராம். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி கடையில் எனக்கு வளைகாப்பு, அம்மாவுக்குப் பட்டுப் புடவை, கார் அனுப்புகிறார்களாம்.

"யாருக்குடி கெடைக்கும் இந்தப் பாக்கியம்? மொதலாளியம்மா கையால வளையல்!"

"நான் உக்கார மாட்டேன்மா. அது வளைகாப்பு இல்ல, வேலைய உட்டு அனுப்பறது."

"வாயக் கழுவு. நல்ல காரியத்த வேண்டாங்கறவ உண்டா? போன தடவதான் வயித்துல நிக்கல, இந்தத் தடவையும் அபசகுனமாப் பேசிக்கிட்டு..."

அம்மா பேசுவதையெல்லாம் எழுத வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் தறி ஷெட்டில் சங்கத்து ஆள் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக அரை வருடம் சம்பளத்தோடு லீவு உண்டாம், அந்தச் சமயத்தில் வேலையை விட்டு எடுக்கவே கூடாதாம். சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்தார். "ஆனா அவங்க வேலைய உட்டு எடுக்கறேன்னு சொல்லலியே வாணி. வளைகாப்புதானே போடறாங்க. வளையல் போட்டாங்கன்னு போயி யாருகிட்டப் புகார் சொல்றது?"

அதுதான். சந்தனம் பூசிக் கொல்லுகிறவர்களை என்ன சொல்லிப் புகார் கொடுப்பது?

செப்டம்பர் 12, வெள்ளி

உட்கார்ந்தேன்.

சிவப்பு நாற்காலி, சந்தனம், பன்னீர். குமட்டல் நின்று ஒரு மாதமாகிறது, இன்று திரும்ப வந்தது. அம்மா புதுப் பட்டில் மினுங்கிக்கொண்டிருந்தாள். கேமராவுக்குப் பின்னால் தண்டபாணி 'சிரி, சிரி' என்று கை காட்டினார். கடை நிறையக் கஸ்டமர்கள். எத்தனையோ பேர் போனிலும் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு பையன் கத்தினான். ஜரீனா அக்கா தள்ளித் தூணோரம் நின்றிருந்தார்.

பெரியம்மா கடைசி வளையலைப் போட்டார். கன்னத்தைத் தொட்டார். "போயிட்டு வா கண்ணு" என்றார்.

எல்லோரும் இதற்கு அழுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கேமராவைப் பார்த்து, கஸ்டமரிடம் பேசுகிற குரலில் கேட்டேன்.

"எப்பங்க பெரியம்மா வரட்டும்?"

அவருக்குப் புரியவில்லை. "என்ன கண்ணு?"

"வான்னீங்களே. எப்ப வரட்டுமுங்க? பிரசவ லீவு சம்பளத்தோட குடுப்பீங்களா? முடிஞ்சு வந்தா என்ற எடம் எனக்கு இருக்குமுங்களா?"

பெரியம்மா கேமராவைப் பார்த்தார், கஸ்டமர்களைப் பார்த்தார். சிரிப்பை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு சொன்னார். "இதென்ன கேள்வி? சம்பளத்தோட எடுத்துக்க. கொழந்தயப் பெத்து, தெம்பா வா. உன்ற எடம் உனக்குத்தான்."

பட்டு வாங்க வந்த ஒரு அம்மா முதலில் கை தட்டினார். பிறகு கடையே தட்டியது. பெரியம்மாவின் நகம் என் தோளில் அழுந்திக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 13

வழக்கம் போல வேலைக்குப் போனேன். வாசலிலேயே தண்டபாணி மறித்தார்.

"வளைகாப்பு முடிஞ்சுதுல்ல? தாய் ஊட்டுக்குப் போவோணும். இங்க வந்து நின்னா அபசகுனம்."

"லீவு எப்ப எடுக்கறதுன்னு நான்தானுங்களே சொல்லோணும்? இன்னும் நாலு மாசம் நான் வேலை செய்வனுங்க."

"நேத்துப் பேசுனது பத்தாதா உனக்கு?" என்று கதவைச் சாத்தினார். வளையலெல்லாம் குலுங்க நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 6

சம்பளம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவைப் பேஸ்புக்கிலிருந்து இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறார்கள். 'இப்படி ஒரு முதலாளியம்மா கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும்' என்று ஊர் முழுக்கப் பாராட்டு. பாராட்டை அழிக்க யாருக்கு மனசு வரும்? வீட்டுக்காரர் அன்றைக்கே அதைத் தன் போனில் இறக்கி வைத்துவிட்டார். இன்று தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, புடவையை மட்டும் திருப்பித் தரவும் இல்லை.

பிப்ரவரி 8

புது நோட்டு. இந்த வருடம் டைரி கொடுக்க யாருமில்லை.

பெண் குழந்தை. இருக்கிறாள். இந்தத் தடவை இருக்கிறாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இழுத்து இழுத்து இன்றைக்குத்தான் கடையிலிருந்து தொழிலாளர் அலுவலகத்துக்கு விசாரணைக்கு வந்தார்கள். பெரியம்மா, தண்டபாணி, ஒரு வக்கீல். குழந்தையைப் பார்த்ததும் பெரியம்மா "அடி என்ற தங்கமே" என்று கையை நீட்டினார். நான் இந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நாற்காலி.

அதிகாரி ஒரு பெண். அதிகம் பேசாதவர். தண்டபாணி, "அவங்களாவே நின்னுட்டாங்க மேடம்" என்றார். அதிகாரி வீடியோவைப் போட்டார். அந்தச் சின்ன அறையில் கை தட்டல் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"லீவு எடுத்துக்கிட்டு வான்னு சொல்லியிருக்கீங்களே?"

"அது சும்மா வாய் வார்த்தைங்க" என்றார் பெரியம்மா. "நல்ல நாளு, ஊட்டுப் பொண்ணு. மொகத்துக்கு நேரா 'போ'ன்னா சொல்லுவாங்க?"

சொல்லிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

தண்டபாணி விடவில்லை. "இவங்க எப்பவுமே இப்படித்தானுங்க மேடம். அதுக்கு முந்துன வருசமும் சொல்லாம கொள்ளாம நாலு நாள் நின்னுட்டாங்க. கேட்டா காய்ச்சல்ம்பாங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன காய்ச்சல்மா?"

சொன்னேன். வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "கரு கலைஞ்சா ஆறு வாரம் லீவு உண்டும்மா, சம்பளத்தோட. ஆஸ்பத்திரிச் சீட்டு குடுத்தாப் போதும். யாரும் சொல்லலியா?"

ஆறு வாரம். எனக்குத் தெரியாது. படுத்துக் கிடந்து அழுவதற்கு எனக்கும் நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. தண்டபாணிக்குத் தெரியுமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியும் போலிருந்தது. இந்தக் கடை மேல் எனக்கு இருந்த வெறுப்பெல்லாம் இதுவரை வெறும் பித்தம்தான், இன்றுதான் வெறுப்பு என்றால் என்னவென்று தெரிந்தது.

லீவுச் சம்பளம் முழுவதும் தருவதாகவும், லீவு முடிந்ததும் அதே பட்டு கவுண்டரில் அதே வேலை தருவதாகவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது யாரும் யாரிடமும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

வேலைக்குப் போனேன். குழந்தையை அம்மா பார்த்துக்கொள்கிறாள். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கிறது.

பெரியம்மா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். இப்போதெல்லாம் கல்யாணமாகாத பெண்களாகப் பார்த்துத்தான் வேலைக்கு எடுக்கிறார்களாம். சேரும்போதே 'கல்யாணம் எப்போ' என்று கேட்கிறார்களாம். திருந்துவார்கள் என்று நானும் நினைத்திருக்கவில்லை.

மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒரே கேள்வி. எல்லாம் சொன்னேன். அந்த ஆறு வாரத்தையும் சொன்னேன். "எனக்கு மூணாம் மாசத்துல கலைஞ்சுது. காய்ச்சல்னு சொல்லி நாலு நாள் போட்டேன். அஞ்சாவது நாள் வந்து பண்டல் தூக்கினேன்" என்றேன்.

ரவிக்கைத் துணி கவுண்டர் சுடர்க்கொடி, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் பல்வலின்னு சொன்னனுங்க்கா."

காட்டன் கவுண்டர் ரங்கநாயகி, "நான் மாமியாருக்கு சீரியஸ்னு சொன்னேன்" என்றாள்.

"நான் வண்டியில இருந்து உழுந்துட்டேன்னு."

"எனக்கு வெறும் வவுத்துவலின்னுதான் சொன்னேன். ஒரு நாள் குடுத்தாங்க."

ஜரீனா அக்கா கடைசியாகச் சொன்னார். "எனக்கு ரெண்டு தடவ. ஒண்ணு ரம்ஜான் சீசன்ல, ஒண்ணு தீபாவளிக்கு. ரெண்டு தடவையும் லீவே போடல. அதுக்கப்பறம் தங்கவே இல்ல."

இத்தனை வருடமாக ஒரே பாத்திரத்துச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறோம். புடவைக் கரை பற்றி, சீரியல் பற்றி, தண்டபாணியின் எண்ணெய் பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம். இதை ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. ஒவ்வொருத்தியும் தன் உடம்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு கீழே போய்ச் சிரித்த முகமாகப் புடவை விரித்திருக்கிறோம்.

பெல் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்டபாணி வந்து கதவைத் தட்டினார்.

"பெல் அடிச்சது காதுல உழுகலியா? என்னம்மா எல்லாரும் உக்காந்திருக்கீங்க? கீழ கஸ்டமரு நிக்கறாங்க."

ஜரீனா அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தண்டபாணியிடமும், கஸ்டமர் தூக்கி வரும் கைக்குழந்தையிடமும்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார் அவர். இன்று அதைப் போடவில்லை.

"நிக்கட்டும்."